மிஸ், பொட்டக் பலன்ன

இன்றோடு சரி. இனி எவருக்கும் பேனரில் தமிழ் சரியா என்று பார்த்துக் கொடுக்க மாட்டேன். (போன மாதமும் இதையேதான் சொன்னேன், தெரியும்.)

கல்வியியற் கல்லூரியில் இரண்டு வருடம், கட்டுறுப் பயில்வு என்ற பாடசாலைப் பயிற்சி ஒரு வருடம் என்று முடித்து, கொழும்பில் ஒரு சிங்கள மொழிமூலப் பாடசாலைக்கு இரண்டாம் மொழித் தமிழ் படிப்பிக்க வந்தவள் நான். வந்து நாலு மாதம். படிப்பித்ததை விட மொழிபெயர்த்ததுதான் கூட. கன்டீன் விலைப்பட்டியல், டெங்கு நோட்டீஸ், யாரோ ஒருவருடைய மாமியாரின் காணி உறுதி. காணி உறுதி! எல்லாவற்றுக்கும் ஒரே சிங்கள வசனம்: "மிஸ், பொட்டக் பலன்ன." கொஞ்சம் பாருங்கள் என்று. அந்தப் 'பொட்டக்' என் இன்டர்வெல் முழுவதையும் தின்றுவிடும்.

நேற்று பேனர். தமிழில் ஒரே ஒரு வரி, 'கொழும்பு' என்று தொடங்கும். மூன்று தரம் வாசித்துப் பார்த்துத்தான் வாட்சப்பில் அனுப்பினேன். கடைக்காரர் போன் எடுத்தார், எழுத்து உடைகிறதாம், பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தரட்டாம். பாமினியில் கொடுத்தேன். அவருடைய கம்பியூட்டரில் பாமினியே இல்லையாம், வெறும் இங்கிலீஷ் எழுத்தும் அரைப்புள்ளியுமாய்த் தெரிகிறதாம். அப்ப படமாக அனுப்பட்டுமா என்றேன். வேண்டாம் மிஸ், நானே சரிக்கட்டுகிறேன் என்றார்.

சரிக்கட்டினார். இன்று காலை ஏழரைக்கு வாசலில் எட்டடி நீளத்துக்குத் தொங்குகிறது. முதலில் 'கா'. கடைசியில் 'ழும்பு'. நடுவில் அந்த ஒற்றைக் கொம்பு, 155 பஸ்ஸைத் தவறவிட்டவன் மாதிரி எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நிற்கிறது.

"மிஸ்தானே பார்த்தது?"

ஆமாம், மிஸ்தான் பார்த்தது! பாமினிக் கதையை அதிபருக்கு ஒருதரம், பிரதி அதிபருக்கு ஒருதரம், வோச்சருக்குக்கூட ஒருதரம் சொல்லி முடித்துத் திரும்பினால் ஒன்பதாம் வகுப்புப் பொடியன் ஒருவன் நிற்கிறான். போன கிழமை கொம்பை எழுத்துக்குப் பின்னால் போட்டதற்கு அவனுக்கு ஐந்து புள்ளி வெட்டியிருந்தேன். சிங்களத்திலும் கொம்புவ முன்னால்தானே மகன் வரும், இது கூடவா தெரியாது என்று பிரசங்கம் வேறு. அவன் பேனரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை.

கழற்ற முடியாதாம், காசு கட்டியாயிற்றாம். "தமிழ் ஆட்களுக்கு விளங்கும்தானே மிஸ்." 1987இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தத்தில் தமிழும் அரச கரும மொழி என்று எழுதினார்கள், அந்த 'உம்' எங்கே தொங்குகிறது என்று இப்போது விளங்குகிறது. மேலே அதே வாக்கியம் சிங்களத்தில் இருக்கிறது, ஒரு புள்ளி பிசகவில்லை. அதில் கொம்புவ இப்படி இடம் மாறியிருந்தால் ஐந்து நிமிடம் விட்டு வைத்திருப்பார்களா?

ஸ்டாஃப் ரூமில் போய் இருந்து சிரித்தேன். வேறென்ன செய்ய. சிரித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு கை நீண்டது, கையில் ஒரு கலியாணக் கார்ட். "மிஸ், மேக பொட்டக்..."

பார்த்துக் கொடுத்தேன்.

அப்புறம், வெள்ளவத்தையில் என்னை இறக்கிவிட்ட பஸ் கண்டக்டர் அவர்களே, என் இருபது ரூபா மிச்சம் எங்கே?