மக்ரான் கரையில் முதலில் நட்டது தந்திக் கம்பம், ஆட்சி அதன் பின்னால் வந்தது

தந்தியும் ரயிலும் வெள்ளைக்காரன் கொடுத்துவிட்டுப் போன கொடை என்று யாராவது எழுதினால், அவர்களுக்கு ஒரு கடற்கரையைக் காட்டத் தோன்றுகிறது. கராச்சிக்கு மேற்கே, இன்றைய பாகிஸ்தானிலும் ஈரானிலுமாக நீண்டு கிடக்கும் மக்ரான். பலூச் மக்களின் மண். ஊர்கள் குறைவு, நல்ல தண்ணீர் அதைவிடக் குறைவு. கிமு 325இல் அலெக்சாண்டரின் படை பசியிலும் தாகத்திலும் செத்து விழுந்ததும் இந்தப் பக்கத்துப் பாலையில்தான். ஆட்சி வந்து அது தந்தி போட்டது என்ற வழக்கமான கதை இந்தக் கரைக்குப் பொருந்தாது. இங்கே தந்தியைக் காப்பாற்றத்தான் ஆட்சியே வந்தது.

1857 கிளர்ச்சியின் செய்தி லண்டனுக்குப் போய்ச் சேர ஒரு மாதத்துக்கும் மேல் ஆனது. அந்தப் பயத்தில் செங்கடல் வழியாகக் கராச்சி வரை அவசர அவசரமாக ஒரு கேபிள் போட்டார்கள். கடலடியின் மேடு பள்ளத்துக்குத் தக்கபடி தளர்வு விடாமல், இழுத்துப் பிடித்தபடி இறக்கினார்கள். பவளப் பாறைகளுக்கு நடுவே அது அந்தரத்தில் தொங்கியது, சிப்பியும் பாசியும் ஏறிக் கனத்தது, ஒவ்வொரு துண்டாக அறுந்தது. 1860க்குள் கதை முடிந்தது. ஆனால் கேபிள் ஓடினாலும் ஓடாவிட்டாலும் 50 ஆண்டுக்கு 4.5 சதவீத வட்டி தருவதாக பிரிட்டிஷ் அரசு கேபிள் போட்ட கம்பெனிக்கு எழுதிக் கொடுத்திருந்தது. ஆழ்கடலை இனி நம்பக்கூடாது, கரையை ஒட்டியே போகலாம் என்று அவர்கள் முடிவெடுத்ததற்கு இந்தச் சூடுதான் பெரிய காரணம்.

கரையை ஒட்டிப் போவதென்றால், கரை யாருடையது? குவாதர் துறைமுகம் ஓமானை ஆண்ட மஸ்கட் சுல்தானின் கையில் இருந்தது. உள்நாட்டில் கலாத் என்ற பலூச் அரசை ஆண்ட கான் அது தன்னுடையது என்றார், பாரசீக ஷாவும் அதையே சொன்னார். கிழக்கே லாஸ் பேலாவில் ஜாம் என்ற பட்டம் கொண்ட சிற்றரசர், உள்ளே கேச் பகுதியில் கலாத் கானின் பிரதிநிதியான நாயிப். 1861 கடைசியில் ஃபிரெடெரிக் கோல்ட்ஸ்மிட் என்ற அதிகாரி கராச்சியிலிருந்து கிளம்பி, வழியிலுள்ள தலைவர்களிடம் ஒவ்வொருவராகப் பேசிக்கொண்டே குவாதர் வரை போனார். பேரம் எளிமையானது: உங்கள் எல்லைக்குள் கம்பியைக் காப்பது உங்கள் பொறுப்பு, அதற்கு ஆண்டுதோறும் மானியம். நிலத்தின் உரிமை யாருக்கு என்பதைத் தீர்க்காமலேயே 1863இல் கராச்சியிலிருந்து குவாதருக்குக் கம்பம் நட்டுவிட்டார்கள், ஏறக்குறைய 400 மைல். 1864இல் குவாதரிலிருந்து ஓமானின் வடமுனையான முசந்தம், ஈரானின் புஷெஹ்ர், இன்றைய ஈராக்கின் ஃபாவ் வரை பாரசீக வளைகுடாவில் கேபிள் இறங்கியது.

அந்தக் கேபிள் செங்கடலில் பட்டதற்குக் கற்ற பாடம். நடுவில் செம்பு, அதைச் சுற்றி மின்சாரம் கசியாமல் தடுக்கும் ரப்பர் போன்ற மரப்பாலான கட்டாபெர்ச்சா, பிறகு சணல், அதன்மேல் துத்தநாகம் பூசிய 12 இரும்புக் கம்பிகள், எல்லாவற்றுக்கும் மேலே தார்க்கலவை. கட்டாபெர்ச்சா சூட்டில் இளகும், இளகினால் உள்ளே செம்பு ஒருபக்கமாக ஒதுங்கி உறை மெலிந்துவிடும். அதனால் இங்கிலாந்திலிருந்து பாய்க்கப்பலில் வரும் வழியெல்லாம் கேபிளை இரும்புத் தொட்டியில் தண்ணீருக்குள்ளேயே வைத்துக் கொண்டுவந்தார்கள். ஃபாவில் கரையே இல்லை, வெறும் சேறு. உள்ளூர் அரபு ஆட்களை நூற்றுக்கணக்கில் சேற்றில் இறக்கிக் கேபிளை இழுத்தார்கள்.

தரைவழிக் கம்பிதான் உண்மையான தலைவலி. மலான் முனையில் மலை நேராகக் கடலில் இறங்குகிறது, கரையோரம் வழி கிடையாது, கம்பி மலையேறித்தான் போக வேண்டும். ஹிங்கோல் போன்ற ஆறுகள் பெரும்பாலான மாதம் மெலிந்து கிடக்கும். மலையில் மழை கொட்டிவிட்டால் ஒரே இரவில் கம்பத்தைப் பெயர்த்துக்கொண்டு போகும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் படகு கரையைத் தொடவே முடியாது, அதற்குள் சாமான் எல்லாம் வந்து சேர்ந்திருக்க வேண்டும். மரக்கம்பம் உப்பு மண்ணில் அடியிலேயே போய்விடும், பின்னாளில் இரும்புக்கு மாறினார்கள்.

இதைவிட நச்சரிப்பானது உப்புக்காற்று. மின்சாரம் கம்பத்துக்கு இறங்காதபடி கம்பியைத் தாங்கும் பீங்கான் மேல் உப்பு படியும். பகலில் காய்ந்திருக்கும்வரை தொல்லை இல்லை. இரவில் பனி இறங்கியதும் அந்த உப்பு ஈரமாகி மின்சாரத்தைக் கம்பத்துக்குக் கடத்தும். கணக்குப் போட்டுப் பாருங்கள். மைலுக்கு 16 கம்பம் என்று வைத்தால் 100 மைலுக்கு 1,600 பீங்கான். மின்தடையை ஓம் என்ற அலகில் அளப்பார்கள்; ஒவ்வொன்றும் தனியே 1 கோடி ஓம் தடுத்தாலும், 1,600 ஒழுக்கும் சேர்ந்தால் மொத்தத் தடை வெறும் 6,250 ஓம். மறுமுனையில் இருப்பவனுக்கு மோர்ஸ் தட்டு கேட்காது. கம்பி எங்கும் அறுந்திருக்காது, செய்தி மட்டும் போகாது. துடைத்தால் சரியாகும். ஆனால் துடைக்க நல்ல தண்ணீர் வேண்டும், அங்கே அது குடிக்கவே போதாது.

கம்பி அறுந்து ஒரு முனை மண்ணைத் தொட்டாலும், எங்கோ சாய்ந்து பாறையில் உரசினாலும், இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு முறை இருக்கிறது. அறாமல் உரசுகிற பழுதை எடுத்துக்கொள்வோம். மைலுக்கு 10 ஓம் என்றால் 100 மைல் கம்பிக்கு 1,000 ஓம். கிழக்கு நிலையத்தில் அளந்தால் 700, மேற்கில் அளந்தால் 500. இரண்டிலும் பழுதின் சொந்தத் தடையும் கலந்திருப்பதால் ஒன்றை மட்டும் வைத்து மைல் சொன்னால் ஆளைத் தப்பான இடத்துக்கு அனுப்புவோம். மொத்தத்தோடு கிழக்கு அளவைக் கூட்டி, மேற்கு அளவைக் கழித்து, பாதியாக்க வேண்டும்: 600 ஓம். பழுது கிழக்கிலிருந்து 60ஆவது மைல், பழுதின் தடை 100 ஓம். பனி காய்ந்த பிறகு அளக்க வேண்டும், இல்லாவிட்டால் மேலே சொன்ன ஒழுக்கு கணக்கையே கெடுத்துவிடும்.

1873இல் கராச்சிக்கும் குவாதருக்கும் இடையே கடல் கேபிள் நின்றபோது ஆம்பர்விட்ச் கப்பல் போய்த் தூக்கிப் பார்த்தது. கேபிளோடு செத்த திமிங்கலம் ஒன்றும் மேலே வந்தது, வாலில் கேபிள் சுற்றியிருந்தது. அந்தப் பழுதைத் தேடிய குழுவில் இருந்த ஹென்றி மான்ஸ்தான் 1869இல் கண்ணாடியால் வெயிலைத் திருப்பி மோர்ஸ் அனுப்பும் ஹீலியோகிராஃபைச் செய்தவர். இந்தத் தந்திக்காரர்களின் தொழில்திறமையை நான் குறைத்துப் பேசவில்லை, அது அசல் திறமை. ஆனால் அந்தத் திறமையோடு கூடவே கரைக்கு வந்தது வேறு.

கம்பி நட்ட அதே 1863இல் குவாதருக்கு பிரிட்டிஷ் அரசின் பிரதிநிதியாக ஒரு துணை அரசியல் ஏஜென்ட் வந்தார். அந்தப் பதவியில் இருந்த எட்வர்ட் ராஸ் பிற்பாடு வளைகுடா முழுமைக்கும் பிரிட்டிஷ் ரெசிடென்ட், அதாவது தலைமைப் பிரதிநிதி, ஆனார். 1864இல் மஸ்கட்டோடு தந்திக்காக ஒப்பந்தம். முசந்தத்தில் உள்ளூர் இனத்தாரை நம்பாமல், கடல்வாய்க்குள் இருந்த ஒரு மொட்டைப் பாறைத் தீவில் நிலையம் வைத்தார்கள். வெக்கை தாங்காமல் 1868இல் காலி செய்தார்கள். அதற்குப் பதிலாக மக்ரான் கரைக் கம்பியையே இன்றைய ஈரானிலுள்ள ஜாஸ்க் வரை நீட்டினார்கள். அதற்காக 1868இல் பாரசீகத்துக்கு அந்நாட்டுப் பணத்தில் ஆண்டுக்கு 3,000 தோமான் தர ஒப்புக்கொண்டார்கள். பணம் வாங்குகிறவன் நிலத்துக்குச் சொந்தக்காரன் என்றாகிவிட்டதல்லவா? அப்படியானால் பாரசீக எல்லை எங்கே முடிகிறது என்ற கேள்வியைத் தள்ளிப்போட முடியவில்லை. 1871இல் எல்லை வகுக்க வந்தவரும் அதே கோல்ட்ஸ்மிட். இரு தரப்பும் சேர்ந்து அளப்பது நடக்கவில்லை. அவர் தயாரித்த வரைபடத்தை ஷா ஏற்றுக்கொண்டார். குவாதருக்கு மேற்கே குவாத்தர் வளைகுடாவில் தொடங்கி வடக்கே போன அந்தக் கோடு பலூச் இனத்தை இரண்டாக வெட்டியது.

மானியத்தைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கோபம். அது சர்தார் என்ற இனத் தலைவருக்குப் போனது. கம்பி ஓடும் பாதையில் ஆடு மேய்க்கிறவனுக்கு அல்ல. கம்பி அறுந்தால் மானியம் போகும் என்பதால் சர்தார் தன் மக்களை அடக்கினார். தன் ஜனங்களின் சம்மதத்தில் நின்ற தலைமை, ஆண்டுக்கொரு முறை வரும் பணத்தில் நிற்கத் தொடங்கியது. சர்தாரிடம் குறை சொல்லித் தீராதவனுக்குக் கையில் கிடைத்த மனு அந்தக் கம்பிதான். அறுத்தால் கராச்சிக்கே கேட்கும். இதை வெறும் கொள்ளை என்று எழுதிவிட்டுப் போகிறவர்கள் பாதியைத்தான் சொல்கிறார்கள்.

1897 டிசம்பரில் ஜாஸ்குக்கும் சாபஹாருக்கும் நடுவே ராப்ச் ஆற்றுப் பக்கம் கிரேவ்ஸ் என்ற தந்திக் கண்காணிப்பாளர் கொல்லப்பட்டார். இந்தியச் சிப்பாய்கள் அந்த இரண்டு துறைமுகங்களிலும் இறக்கப்பட்டார்கள். அடுத்த மாதமே கிழக்கு மக்ரானில் கிளர்ச்சி மூண்டது. 1898 ஜனவரி 31 அன்று துர்பத் அருகே கோக் புரோஷில் பலூச் கான் நவ்ஷேர்வானி தன் ஆட்களோடு மாண்டார். கம்பத்தைப் பார்த்துக்கொள்ள மானியம் என்று தொடங்கியது, முப்பத்தைந்து ஆண்டில் பீரங்கியில் வந்து நின்றது.

இந்தக் கம்பிகளையும் கேபிளையும் நடத்திவந்த தந்தி இலாகாவை 1931இல் மூடினார்கள். ஈரானுக்குள் ஓடிய கம்பிகள் ஈரான் அரசிடம் போயின. குவாதரை மஸ்கட் 1958இல் பாகிஸ்தானுக்கு விற்றது, அந்த ஊர் மக்களை யாரும் கேட்கவில்லை. கோல்ட்ஸ்மிட் கோடு மட்டும் இன்றும் சர்வதேச எல்லை. ஒரே மொழி பேசி ஒரே குடும்பத்தில் பெண் எடுத்துக் கொடுத்த மக்கள் அதன் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். உறவு வீட்டுக்குப் போக அவர்களுக்கு இன்று அனுமதிச் சீட்டு வேண்டும்.