மலேசியா டூர் போறவங்க எல்லாரும் ஏஜென்ட்கிட்ட கேக்க வேண்டிய முதல் கேள்வி

யாராவது குடும்பத்தோட மலேசியா போறோம்னு சொன்னா நான் முதல்ல கேக்கறது ஏர்போர்ட்லேந்து ஹோட்டலுக்கு எப்படி போறீங்கன்னு தான். கெந்திங் என்னிக்கு, பத்துமலை என்னிக்கு, ட்வின் டவர் டிக்கெட் எடுத்தாச்சா இதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம். முக்காவாசி பேர் சொல்ற பதில் "ஏஜென்ட் பாத்துக்கறேன்னு சொல்லிருக்காரு", இல்லன்னா "அங்க போய் இறங்கி பாத்துக்கலாம்". இந்த ரெண்டு பதிலும் எனக்கு பிடிக்கறதே இல்ல. ஏன்னு விளக்கமா எழுதறேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுமையா படிங்க.

2023 டிசம்பர் 1லேந்து நம்ம பாஸ்போர்ட்டுக்கு மலேசியா விசா வேணாம்னு ஆனதுக்கு அப்புறம் திருச்சிலேந்து போற கூட்டம் மாறிப்போச்சு. முன்ன வேலைக்கு போறவங்க, சொந்தக்காரங்களைப் பாக்க போறவங்க தான் அதிகம், அவங்களுக்கு அங்க ஒரு மாமாவோ மச்சானோ கார் எடுத்துட்டு வந்து நிப்பாரு. இப்ப அப்பா அம்மா, கைக்குழந்தை, பெரியம்மான்னு ஆறு பேரு எட்டு பேரா ஹோட்டல் போட்டு தங்கற டூர் வந்துருச்சு. டிக்கெட்ல ஐநூறு ரூபா கம்மியா கிடைக்குமான்னு வாரக்கணக்கா பாக்கறோம், ஹோட்டலுக்கு பக்கத்துல சைவ சாப்பாடு இருக்கான்னு மேப்ல தேடறோம், ஆனா தூக்கமே இல்லாம ஒரு புது நாட்டுல இறங்கற அந்த முதல் ரெண்டு மணி நேரத்துக்கு மட்டும் எந்த ஏற்பாடும் பண்றதில்ல. வயசானவங்களும் குழந்தைங்களும் கூட இருந்தா முன்கூட்டியே பேசி வச்ச பிரைவேட் வண்டி தான் சரி, அது ஆடம்பரம்னு நெனைக்காதீங்க.

முதல்ல தூரத்தை புரிஞ்சுக்கோங்க. கேஎல்ஐஏ ஏர்போர்ட் கோலாலம்பூர் ஊருக்குள்ள இல்ல, செப்பாங்ல இருக்கு, அங்கேந்து சிட்டி சென்டர் 55 கிலோமீட்டருக்கு மேல. திருச்சிலேந்து தஞ்சாவூர் போற தூரம்னு வச்சுக்கோங்க. இதுல டெர்மினல் ரெண்டு இருக்கு. திருச்சிலேந்து ஏர் ஏசியால போனீங்கன்னா டெர்மினல் 2, பழைய பேரு கேஎல்ஐஏ2, இப்பவும் நெறைய பேரு அப்படி தான் சொல்லுவாங்க. மலேசியா ஏர்லைன்ஸ், பாடிக் ஏர் எல்லாம் டெர்மினல் 1. ரெண்டுக்கும் நடுவுல ரயில்ல மூணு நிமிஷம் தான், ஆனா நீங்க ஒரு டெர்மினல்லயும் டிரைவர் இன்னொரு டெர்மினல்லயும் நின்னா அந்த மூணு நிமிஷம் முக்கால் மணி நேரமா ஆயிடும். டெர்மினல் 2ல நடை வேற ஜாஸ்தி, ஃப்ளைட் சேட்டிலைட் கட்டடத்துல நின்னுச்சுன்னா ஸ்கைபிரிட்ஜ் ஏறி கடந்து நடந்து தான் இமிக்ரேஷனுக்கே வரணும். முட்டி வலி இருக்கறவங்களுக்கு டிக்கெட் போடும்போதே வீல்சேர் கேட்டு வைங்க, அங்க போய் கேக்கலாம்னு விட்டுடாதீங்க.

இப்ப ரயில். கேஎல்ஐஏ எக்ஸ்பிரஸ் அருமையான ரயில், நான் மனசார சொல்றேன், டெர்மினல் 2லேந்து 33 நிமிஷத்துல கோலாலம்பூர் ஊருக்குள்ள இருக்கற கேஎல் சென்ட்ரல் ஸ்டேஷன்ல விட்டுடும். தனியா போறீங்க, இல்ல புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் ஆளுக்கு ஒரு பேக் மட்டும்னா கண்ணை மூடிட்டு அதுல போங்க. ஹோட்டல் பிரிக்ஃபீல்ட்ஸ்ல இருந்தா இன்னும் நல்லது, ஸ்டேஷன்லேந்து இறங்கி நடந்தே போயிடலாம், போற வழியிலயே இட்லி தோசை கிடைக்கும். ஆனா ஆளுக்கு 55 ரிங்கிட் ஒரு வழிக்கு. பெரியவங்க நாலு பேருன்னா 220 ரிங்கிட், ஒரு ரிங்கிட்டை 20 ரூபான்னு வச்சாலே நாலாயிரத்து நானூறு ரூபா. அதோட முடியல, ஹோட்டல் புக்கிட் பிந்தாங்லயோ கேஎல்சிசி பக்கத்துலயோ இருந்தா சென்ட்ரல்ல இறங்கி மறுபடி ஒரு வண்டி பிடிக்கணும், இல்ல மோனோரயிலுக்கு மாலுக்குள்ள புகுந்து பெட்டியை இழுத்துட்டு போகணும். நாலு பேருக்கு மேல போனா பிரைவேட் வண்டி ரயிலை விட கம்மி, இந்தக் கணக்கை போட்டுப் பாக்காமலே "ரயில் தான் சீப்"னு சொல்றவங்க நெறைய. காசு ரொம்ப இடிக்குதுன்னா பஸ் இருக்கு, ரயில் டிக்கெட்ல மூணுல ஒரு பங்கு கூட வராது, ஆனா கேஎல் சென்ட்ரல் போக ஒரு மணி நேரம் ஆகும்.

அப்புறம் கிராப், நம்ம ஓலா மாதிரி அங்க கார் புக் பண்ற ஆப். உபர் அங்க கிடையாது, 2018லயே கிராப்கிட்ட குடுத்துட்டு போயிடுச்சு, அதனால நம்ம ஊர் உபர் ஆப்பை நம்பி போகாதீங்க, ஊர்லயே கிராப் டவுன்லோட் பண்ணி நம்பர் வெரிஃபை பண்ணி வச்சுக்கோங்க. கிராப் மேல எனக்கு குறையே இல்ல, ரெண்டு பேருக்கு அது போதும். பிரச்சனை எங்கன்னா, புக் பண்ணா வர்றது பெரும்பாலும் மைவி, சாகா, பெசா மாதிரி சின்ன கார். நாலு பேரு உக்காரலாம்னு ஆப்ல போட்டிருக்கும், உண்மை தான், நாலு பேரோட நாலு பெரிய பெட்டி எங்க வைக்கறது? வரிசையில நிக்கற டாக்ஸில கூட சிலதுல டிக்கியில கேஸ் சிலிண்டர் இருக்கும், பாதி இடம் அதுக்கே போயிடும். ஆறு சீட் வண்டி ஆப்ல கேக்கலாம், ஆனா விடியக்காலைல நாலு ஃப்ளைட் ஒண்ணா இறங்கற நேரத்துல ரேட் ஏறும், அதுக்கு மேல டோல் தனி. இது எல்லாத்துக்கும் முன்னாடி போன்ல நெட் வேலை செய்யணும், எந்த கதவுகிட்ட நிக்கணும்னு தெரியணும், அம்மாவை ஒரு இடத்துல உக்கார வச்சிட்டு நீங்க தேடணும்.

இப்ப நான் முக்கியமா சொல்ல வந்ததுக்கு வரேன். பேக்கேஜ் டூர்ல "ஏர்போர்ட் டிரான்ஸ்ஃபர் இன்க்ளூடட்"னு ஒரு வரி இருக்கும் பாருங்க, அந்த வரியில தான் பாதி பேரு ஏமாந்து போறாங்க. டிராவல்ஸ்காரங்க இதுல ரெண்டு வகை வச்சிருக்காங்க, ஒண்ணு எஸ்ஐசி, இன்னொண்ணு பிரைவேட். எஸ்ஐசின்னா சீட் இன் கோச், அதாவது ஒரு வேன்லயோ பஸ்லயோ உங்களுக்கு சீட்டு மட்டும் தான். உங்க ஃப்ளைட் இறங்கினாலும் அடுத்த ஃப்ளைட்ல வர்ற குடும்பத்துக்காக காத்திருக்கணும், எல்லாரும் வந்ததும் ஒவ்வொரு ஹோட்டலா இறக்கி விட்டுட்டு போவாங்க, உங்க ஹோட்டல் கடைசின்னா ஊரெல்லாம் சுத்திட்டு தான் போவீங்க. அதுவும் காலைல ஏழரை மணிக்கு மேல கேஎல் ஊருக்குள்ள நுழையற டிராஃபிக் எப்படி இருக்கும்னு போனவங்களைக் கேளுங்க. எஸ்ஐசி தப்புன்னு நான் சொல்லல, விலை கம்மி, ஃபிரெண்ட்ஸா போற பசங்களுக்கு அது சரி தான். ஆனா சொல்லிட்டு குடுக்கணும் இல்லையா? எழுபது வயசு ஆளுக்கு எஸ்ஐசி போட்டுட்டு அதை பேப்பர்ல மூணு எழுத்துல மட்டும் போட்டுட்டு விடறது என்ன நியாயம்? அதனால தான் சொல்றேன், ஏஜென்ட்கிட்ட பணம் கட்டறதுக்கு முன்னாடியே "சார், டிரான்ஸ்ஃபர் எஸ்ஐசியா பிரைவேட்டா"ன்னு கேளுங்க, பதிலை வாட்ஸப்ல எழுதி வாங்குங்க.

எங்க அத்தை மாமா போனப்ப நடந்ததை சொல்றேன். அவங்களும் ஒரு பேக்கேஜ்ல தான் போனாங்க, எந்த ஏஜென்ட்னு பேர் வேணாம். "வெளில வந்தா உங்க பேர் எழுதின போர்டோட ஆள் நிப்பாங்க"ன்னு சொல்லி அனுப்பிருந்தாங்க. நைட்டு கெளம்பற ஃப்ளைட், அங்க இறங்கி இமிக்ரேஷன் முடிச்சு பெட்டி எடுத்து வெளில வரும்போது மலேசியா டைம் காலைல ஏழு. போர்டு பிடிச்ச ஆளுங்க நிறைய பேரு, இவங்க பேர் மட்டும் எதுலயும் இல்ல. குடுத்திருந்த நம்பர் திருச்சி ஆஃபீஸ் நம்பர். நமக்கும் அவங்களுக்கும் ரெண்டரை மணி நேரம் வித்தியாசம், அங்க ஏழுன்னா இங்க நாலரை, அந்நேரத்துக்கு யாரு போன் எடுப்பா? மாமாவுக்கு சுகர், டைமுக்கு சாப்பிட்டாகணும், அத்தை பயந்து போயிட்டாங்க. வேற ஒரு குடும்பத்துக்காக போர்டு வச்சுட்டு நின்ன ஒரு தமிழ் டிரைவர் தான் இவங்க முழிக்கறதைப் பாத்துட்டு "எங்கேந்து வரீங்கம்மா, யாரு வரணும்"னு கேட்டு, வவுச்சரை வாங்கிப் பாத்து, அதுல பொடி எழுத்துல இருந்த கோலாலம்பூர் கம்பெனி நம்பருக்கு அவர் போன்லேந்தே கூப்பிட்டுப் பேசினாரு. அப்ப தான் தெரிஞ்சுது, வண்டிக்கு தேதி மாத்தி குடுத்திருக்காங்க, அடுத்த நாள்னு. அந்த டிரைவர் அண்ணன் யாருன்னு கூட எங்களுக்கு தெரியாது, அவர் நல்லா இருக்கணும்.

தேதி விஷயம் இதுல சகஜமா நடக்கற குழப்பம், கவனமா இருங்க. ஃப்ளைட் திருச்சில 14ஆம் தேதி ராத்திரி பதினொன்றரைக்கு கெளம்பினா கோலாலம்பூர்ல 15ஆம் தேதி காலைல இறங்கும், வண்டி 15க்கு. அதே ஃப்ளைட் பன்னண்டரைக்கு கெளம்பினா டிக்கெட்லயே 15னு தான் இருக்கும், வண்டியும் 15க்கு தான், ஆனா ராத்திரி ஃப்ளைட் தானேன்னு ஒரு நாள் கூட்டி 16னு போட்டுடுவாங்க. நீங்களே ஆன்லைன்ல புக் பண்ணாலும் சரி, ஏஜென்ட் மூலமா பண்ணாலும் சரி, இறங்கற தேதி, இறங்கற மலேசியா டைம், ஃப்ளைட் நம்பர், டெர்மினல் நாலும் எழுத்துல இருக்கணும். ஃப்ளைட் நம்பர் குடுத்தா தான் லேட் ஆனாலும் டிரைவருக்கு தெரியும். அப்புறம் வெயிட்டிங் எவ்வளவு நேரம் ஃப்ரீன்னு கேளுங்க, சில இடத்துல ஒரு மணி நேரம், சில இடத்துல ஒன்றரை மணி நேரம், அதுவும் ஃப்ளைட் தரை தொட்ட நேரத்துலேந்து கணக்கா, இல்ல நீங்க சொன்ன நேரத்துலேந்தான்னு கேக்கணும், ஏன்னா இமிக்ரேஷன் கூட்டம் இருந்தா அங்கயே ஒரு மணி நேரம் போயிடும். டிஜிட்டல் அரைவல் கார்டை, அதான் எம்டாக்கை, இறங்கறதுக்கு முன்னாடி மூணு நாளுக்குள்ள ஊர்லயே போட்டுட்டு போங்க, அங்க போய் போன்ல போட்டுட்டு நின்னா வெளில வெயிட்டிங் ஓடிட்டே இருக்கும்.

ஆள் கணக்கு மட்டும் சொல்லாதீங்க, பெட்டி கணக்கும் சொல்லுங்க, பெரிய பெட்டி எத்தனை, வீல்சேர் மடிச்சு வைக்கணுமா, எல்லாம். டோல் சேர்த்தா, ராத்திரி சார்ஜ் உண்டா, இதை முன்னாடியே பேசிடுங்க. கைக்குழந்தை இருந்தா சைல்ட் சீட் தனியா கேக்கணும். அங்க சொந்தக் கார்ல 2020லேந்து சைல்ட் சீட் கட்டாயம், ஆனா வாடகை வண்டியில தானா இருக்கும்னு எதிர்பாக்காதீங்க. ஹோட்டல் பேரோட முழு அட்ரஸும் குடுங்க, ஒரே பேர்ல நாலஞ்சு கிளை இருக்கற ஹோட்டல் அங்க நிறைய. எல்லாத்துக்கும் மேல டிரைவரோட நம்பரோ, அந்த ஊர்ல போன் எடுக்கற ஒரு ஆளோட நம்பரோ முதல் நாளே வாங்கிடணும். அது குடுக்க முடியாதுன்னு சொல்ற ஆள்கிட்ட நான் புக் பண்ணவே மாட்டேன், விலை எவ்வளவு கம்மியா இருந்தாலும்.

டெர்மினல் உள்ளயே பக்கத்துல வந்து "டாக்ஸி வேணுமா"ன்னு மெதுவா கேக்கறவங்க கூட மட்டும் போகாதீங்க. லைசென்ஸ் இருக்கற வண்டிக்கு பெர்மிட், இன்சூரன்ஸ் எல்லாம் உண்டு, இவங்களோடதுல என்ன இருக்குன்னு யாருக்கு தெரியும்.

டிரைவருங்க பக்கமும் ஒண்ணு சொல்லணும், இதை யாரும் எழுதறதில்ல. அவங்க நாலு மணிக்கு எழுந்து 55 கிலோமீட்டர் ஓட்டிட்டு வந்து நிக்கறவங்க, பார்க்கிங் காசு ஓடிட்டு இருக்கும். நம்ம ஆளுங்க வெளில வந்ததும் சிம் வாங்கறேன், காசு மாத்தறேன், குழந்தைக்கு பால் வாங்கறேன்னு முக்கால் மணி நேரம் எடுத்துப்பாங்க, ஒரு மெசேஜ் கூட போட மாட்டாங்க. ஏர்போர்ட் வைஃபை ஃப்ரீ தான், இறங்கினதும் "லேண்ட் ஆயிட்டோம்"னு ஒண்ணு, பெட்டி கைக்கு வந்ததும் ஒண்ணு போடுங்க. அங்க டிப்ஸ் குடுக்கற பழக்கம் பெருசா கிடையாது, அவங்க கேக்கவும் மாட்டாங்க, ஆனா அம்மாவோட பெட்டியை தூக்கி வச்சவருக்கு பத்து ரிங்கிட் குடுத்தா நமக்கு ஒண்ணும் குறைஞ்சிடாது.

ஹோட்டல்ல ரூம் ரெண்டு மூணு மணிக்கு தான் குடுப்பாங்க, அதனால காலைல எட்டு மணிக்கு போய் சேர்ந்தும் லாபியில தான் உக்காரணும், அப்புறம் பிரைவேட் வண்டி எதுக்குன்னு சிலர் கேப்பாங்க. பெட்டியை அங்க வச்சிட்டு முகம் கழுவிட்டு சாப்பிட போகலாமே, பெரியவங்க சோஃபாவுல கால் நீட்டி உக்காரலாமே.

திரும்பி வரும்போது இவ்வளவு கவலை வேணாம். ஹோட்டல் வாசல்ல நின்னு கிராப் புக் பண்ணுங்க, பெரிய வண்டி வரலன்னா கேன்சல் பண்ணிட்டு வேற கூப்பிடலாம், ரிசப்ஷன்ல இருக்கறவங்களும் உதவி பண்ணுவாங்க. சாயங்காலம் அஞ்சுலேந்து ஏழுக்குள்ள கெளம்பற மாதிரி இருந்தா ஒரு மணி நேரம் கூடவே வச்சுக்கோங்க, மழை பேஞ்சா இன்னும் கூட. ஹரி ராயா (அங்க ரம்ஜான் பண்டிகையை அப்படி தான் சொல்லுவாங்க), சீனப் புத்தாண்டு சமயத்துல மட்டும் திரும்பற வண்டியையும் ஊர்லேந்தே பேசி வச்சுடுங்க, அந்த நாள்ல பாதி டிரைவருங்க சொந்த ஊருக்கு போயிடுவாங்க, ஹைவே முழுக்க வண்டி நிக்கும்.