கைப்பட்டை காட்டும் எண்ணை அப்படியே ஆய்வேட்டில் எழுதாதீர்கள்

மருத்துவக் கல்லூரிகளிலும் பொது சுகாதாரத் துறைகளிலும் ஆய்வுத் தலைப்பு தேடுகிறவர்களை இப்போது கையில் கட்டும் ஃபிட்னஸ் பேண்ட் பெரிதாக ஈர்க்கிறது. கடையில் ஐம்பது பேண்ட் வாங்கி, ஐம்பது பேர் கையில் ஒரு வாரம் கட்டி, ஆப்பில் வரும் அடி எண்ணிக்கையையும் 'ஆழ்ந்த தூக்கம் 1 மணி 12 நிமிடம்' என்ற வரியையும் எக்செல்லில் ஏற்றிவிட்டால் ஆய்வு முடிந்தது என்று பலர் நம்புகிறார்கள். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சென்சாரின் மூலத் தரவு, அதாவது அது பதிந்த எண்கள் எந்தக் கணக்கும் போடாத நிலையில், உங்கள் கைக்கு வராத எந்தக் கருவியையும் சுகாதார ஆய்வின் முக்கிய அளவீட்டுக்குப் பயன்படுத்தக் கூடாது.

கேள்வித்தாளைவிடக் கருவி மேல் என்பதை நான் மறுக்கவில்லை. 'போன வாரம் எத்தனை நிமிடம் வேகமாக நடந்தீர்கள்?' என்று கேட்டால் யாருக்கு நினைவிருக்கும்? நினைவில் இருப்பதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வோம். அமெரிக்க அரசின் தேசிய உடல்நல, ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில் 2003-04-ல் மக்களின் இடுப்பில் அசைவை அளக்கும் ஆக்டிகிராஃப் கருவியைக் கட்டி அளந்தார்கள். பரிந்துரைத்த அளவு உடலுழைப்பை எட்டிய பெரியவர்கள் 5 சதவீதத்துக்கும் குறைவு என்று தெரிந்தது. வாயால் சொன்ன கணக்கு அதைவிடப் பல மடங்கு அதிகம்.

ஆனால் அந்த 5 சதவீதம் எப்படி வந்தது என்று பாருங்கள். அசைவின் அளவுக்குக் கருவி தரும் எண்ணான 'கவுண்ட்' நிமிடத்துக்கு 2,020-ஐத் தாண்டினால்தான் மிதமான உழைப்பு. அதுவும் பத்து நிமிடமாவது ஏறக்குறைய விடாமல் தொடர்ந்தால்தான் கணக்கில் சேரும். அன்றைய பரிந்துரை அப்படி இருந்தது. 2020-ல் உலக சுகாதார நிறுவனம் பத்து நிமிட நிபந்தனையை நீக்கிவிட்டது. எவ்வளவு குறுகிய உழைப்பும் கணக்கில் வரும் என்றது. நிமிட வாரியான பதிவு கையில் இருந்தவர்கள் புதிய விதிப்படி மீண்டும் கணக்குப் போட முடிந்தது. 'இன்று 34 ஆக்டிவ் நிமிடங்கள்' என்ற ஆப் எண்ணை மட்டும் வைத்திருந்தால் என்ன செய்திருக்க முடியும்? அந்த 34 எந்த விதியில் வந்தது என்பதே தெரியாது. ஆய்வின் நடுவில் நிறுவனம் மென்பொருளைப் புதுப்பித்தால் விதியும் மாறலாம். மார்ச்சில் கட்டியவரையும் செப்டம்பரில் கட்டியவரையும் ஒரே அளவுகோலால் அளந்தீர்களா என்று தேர்வாளர் கேட்டால் உங்களிடம் பதில் இருக்காது.

உள்ளே இருக்கும் சென்சார் முடுக்கமானி. மூன்று திசைகளில் முடுக்கத்தை அளக்கும். அவ்வளவுதான் அதற்குத் தெரியும். நொடிக்கு 100 முறை பதிந்தால் ஏழு நாளில் ஒவ்வொரு திசைக்கும் 6 கோடிக்கு மேல் எண்கள் சேரும். கருவி மேசையில் சும்மா கிடந்தாலும் புவியீர்ப்பால் 1 ஜி (புவியீர்ப்பு முடுக்கத்தின் அளவு) காட்டும். மூன்று திசை அளவையும் சேர்த்து மொத்த முடுக்கத்தைக் கண்டு, அதிலிருந்து 1 ஜி-யைக் கழித்தால் மிஞ்சுவது ஏறத்தாழ அசைவு. இதை மில்லி ஜி-யில் சொல்வார்கள். இதுவரை இயற்பியல். இதற்கு மேல் வரும் 'மிதமான உழைப்பு', 'தூக்கம்', 'கலோரி' எல்லாம் யாரோ ஒரு குழுவை அளந்து உருவாக்கிய ஊகங்கள்.

அந்தக் குழு யார் என்பதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. மிதமான உழைப்பு எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க இடுப்புக் கருவிக்கு உலகம் முழுக்கப் புழங்கும் இன்னொரு வெட்டுப்புள்ளியான 1,952 கவுண்ட், 1998-ல் வெளியான ஆய்வில் 50 பேரை டிரெட்மில்லில் நடக்கவும் ஓடவும் வைத்து எடுத்தது. அதே பிரிப்புக்கு மணிக்கட்டில் எல்லோரும் எடுத்தாளும் 100 மில்லி ஜி-க்குப் பின்னால் இருப்பவர்கள் 30 பெரியவர்கள். அவை நல்ல ஆய்வுகள், அதில் குறையில்லை. அதே எண்ணைத் தலையில் செங்கல் சுமக்கும் சித்தாளின் கையில் போட்டுப் பாருங்கள். பாரத்தைப் பிடித்த கை உயர்ந்து அப்படியே நிற்கும், மணிக்கட்டு அதிகம் ஆடாது. மூச்சு வாங்கும் உழைப்பைக் கருவி 'லேசானது' என்று எழுதும். இடுப்பில் குடம் வைத்து நடக்கும் பெண்ணின் கையும் குடத்தை அணைத்தே இருக்கும். உட்கார்ந்த இடத்தில் துணி கும்முகிறவருக்கு நேர் எதிர்: கை ஆடும் அளவுக்கு உடல் முழுவதும் உழைப்பதில்லை, கருவியோ அள்ளிக் கொடுக்கும். அரிவாளும் மண்வெட்டியும் பிடிக்கும் ஊரில் டிரெட்மில் வெட்டுப்புள்ளியை வைத்து 'கிராமப்புறப் பெண்களிடம் உடலுழைப்பு போதவில்லை' என்று முடிவு எழுதுவது அநியாயம். அது கொள்கையாக மாறினால் இன்னும் அநியாயம்.

இதற்கு வழி இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டில் சுமார் 150 பேர் மணிக்கட்டுக் கருவியோடு படமெடுக்கும் சிறு கேமராவையும் ஒரு நாள் அணிந்தார்கள். எந்த நொடியில் என்ன வேலை என்பதைப் படம் பார்த்துக் குறித்து, அதைக் கொண்டு கணினிக்குக் கற்றுக்கொடுத்தார்கள். நம் கட்டடத் தொழிலாளர், நாற்று நடுவோர், மீன் அங்காடியில் நிற்போர் என்று இதைச் செய்தால் ஒரு மாநிலத்துக்கே பயன்படும். இன்று அதற்குப் பணமில்லை என்றால் மூலத் தரவையாவது சேமித்து வையுங்கள், பிறகு செய்யலாம். பிரிட்டனின் பெரும் சுகாதார ஆய்வுத் திட்டமான யுகே பயோபேங்க் 2013 முதல் 2015 வரை ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோருக்கு ஆக்ஸிவிட்டி ஏஎக்ஸ்3 கருவியைத் தபாலில் அனுப்பி ஏழு நாள் கட்ட வைத்தது. நொடிக்கு 100 முறை பதிந்த மூல அலைகளை அப்படியே வைத்திருந்ததால்தான், பின்னாளில் வந்த முறைகளைக் கொண்டு அதே வாரத்தை இன்றும் புதிதாகப் படிக்கிறார்கள்.

எந்த இடத்தில் கட்டுவது என்பது கேள்வியைப் பொறுத்தது. உட்கார்ந்திருக்கும் நேரம்தான் கேள்வி என்றால் தொடை. நிற்பதையும் உட்கார்வதையும் அங்கேதான் பிரித்தறியலாம். நடை மட்டும் என்றால் இடுப்பு போதும், ஆனால் சைக்கிளை அது கோட்டைவிடும். தூக்கமும் வேண்டும், 24 மணி நேரமும் கழற்றாமல் இருக்க வேண்டும் என்றால் மணிக்கட்டு. எந்தக் கை என்பதையும் எழுதுங்கள். யுகே பயோபேங்க் அதிகம் புழங்கும் கையில் கட்டியது. அமெரிக்கக் கணக்கெடுப்பு 2011-14-ல் மற்றக் கையில் கட்டியது. இரண்டையும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது.

தூக்கத்துக்கு வருவோம். கருவி பார்ப்பது கை அசைவின்மையை மட்டுமே. பரவலாகப் புழங்கும் ஒரு முறையில், ஐந்து நிமிடத்துக்குக் கையின் சாய்வுக்கோணம் 5 டிகிரிக்கு மேல் மாறாவிட்டால் அது தூக்கத்துக்கான தடயம். மூளை அலையை அளக்கும் பாலிசோம்னோகிராபியோடு ஒப்பிட்டால், உண்மையாகத் தூங்கும் நேரத்தைக் கருவி பெரும்பாலும் சரியாகப் பிடிக்கும். விழித்தபடி அசையாமல் படுத்திருக்கும் நேரத்தைப் பிடிக்கத் திணறும். ஆகவே தூக்கமின்மை உள்ளவர்களிடம்தான், அதாவது நமக்குத் துல்லியம் அதிகம் தேவைப்படும் இடத்தில்தான், தூக்கத்தை மிகையாகக் காட்டும் அபாயம் அதிகம். முடுக்கத்தை மட்டும் வைத்து 'ஆழ்ந்த தூக்கம்', 'கனவுத் தூக்கம்' என்று பிரிப்பதை நம்பாதீர்கள். இதயத் துடிப்பையும் சேர்க்கும் கடிகாரங்கள் கொஞ்சம் மேல்; ஆனால் நோயறியும் தரத்துக்கு அவற்றை ஏற்ற முடியாது.

இத்தனை குறையோடும் கவனமாகச் செய்தால் என்ன கிடைக்கும் என்பதற்குச் சென்னையே சான்று. நகரத்தின் குறைந்த வருமானத் தொழிலாளர் 452 பேரை வைத்து நடந்த ஆய்வு 2021-ல் ஒரு முன்னணிப் பொருளாதார இதழில் வந்தது. படுக்கையில் இருந்த நேரம் இரவுக்குச் சுமார் 8 மணி. கருவியின்படி தூங்கியது ஐந்தரை மணிதான். சத்தம், புழுக்கம், கொசு, நெருக்கம் எல்லாம் இருக்கும் வீட்டில் இது எவருக்கும் வியப்பாக இராது. கண்மறைப்பு, காதடைப்பு, மின்விசிறி, மெத்தை, அறிவுரை எல்லாம் கொடுத்ததில் இரவுத் தூக்கம் 27 நிமிடம் கூடியது. ஆனால் வேலைத்திறன் கூடவில்லை. பணியிடத்தில் போட்ட குட்டித் தூக்கம்தான் பலன் தந்தது. 'எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், எத்தனை மணிக்கு எழுந்தீர்கள்' என்று மட்டும் கேட்டிருந்தால் அந்த இரண்டரை மணி நேர இடைவெளி வெளியே வந்திருக்காது.

அடுத்து, ஆய்வுகள் அதிகம் கெட்டுப்போகும் இடம்: கழற்றி வைத்த நேரம். கழற்றி அலமாரியில் வைத்த கருவியும் அசையாது, தூங்குகிறவர் கையும் அசையாது. ஆடாத நேரத்தையெல்லாம் ஓய்வு என்று எடுத்தால் ஒரு நாள் முழுக்க மறந்துவிட்டவர் 24 மணி நேரம் தூங்கியவர் ஆகிவிடுவார். முடுக்கமானித் தரவை அலசும் ஜிஜிஐஆர் என்ற இலவச மென்பொருள் ஒரு மணி நேரத் துண்டை 15 நிமிடம் 15 நிமிடமாக நகர்த்தி, மூன்று திசைகளில் இரண்டிலாவது ஏற்ற இறக்கம் மிகக் குறைவாக இருந்தால் கழற்றியதாகக் கொள்கிறது. தூங்குகிறவர் கைகூட மூச்சிலும் புரளுதலிலும் அந்த அளவுக்கு உறைந்திருப்பதில்லை. சிலர் கருவியிலுள்ள வெப்பமானியையும் துணைக்கு அழைப்பார்கள்: தோலை விட்டால் வெப்பம் இறங்கும் என்பது தர்க்கம். குளிர்நாட்டில் சரி. மே மாதத்து வேலூரிலோ திருச்சியிலோ அறையின் வெப்பமே மணிக்கட்டுத் தோலின் வெப்பத்தைத் தொட்டுவிடும். அங்கே வெப்பமானியை மட்டும் நம்ப முடியாது. ஆகவே ஒரு பக்கக் குறிப்பேடு கட்டாயம். படுத்த நேரம், எழுந்த நேரம், கழற்றிய நேரம், ஏன் கழற்றினார் என்ற நான்கு கட்டம் போதும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு மாலையில் ஒரு போன்.

களத்தில் செய்ய வேண்டியவை சின்னச் சின்ன வேலைகள்தான், ஆனால் ஒன்று தவறினாலும் ஒரு வாரத் தரவு போய்விடும். கருவியை முழுதாகச் சார்ஜ் செய்து, கணினியின் கடிகாரம் இந்திய நேரத்தில் இருக்கிறதா என்று பார்த்தபின் பதிவை அமையுங்கள். மென்பொருள் அதைக் கிரீன்விச் நேரமாக எடுத்துக்கொண்டால் இரவு 10 மணிக்குப் படுத்தவர் மாலை 4.30-க்கே படுத்ததாக வரும். கருவி எண்ணையும் பங்கேற்பாளர் எண்ணையும் இரண்டு பேர் தனித்தனியாகக் குறியுங்கள். பட்டையின் அடியில் வியர்வை தேங்கிச் சொறி வரும். ஒரு நாளில் ஒருமுறை துடைக்கச் சொல்லுங்கள். வளையல் அணிகிறவருக்கு வளையல் இல்லாத பக்கமோ, வளையலுக்கு மேலே இறுக்கமாகவோ கட்டுங்கள். கருவியில் வளையல் மோதும் ஒவ்வொரு அதிர்வும் பதிவாகும். டூவீலரின் அதிர்வும் அப்படியே. திரும்பப் பெறும் கருவி பைக்குள் பஸ் ஏறி வரும் பயணமும் பதிவில் இருக்கும், அதை வெட்டி எறிய வேண்டும். இரவுப் பணியில் இருக்கும் செவிலியர், காவலாளிகளுக்கு 'நண்பகல் முதல் நண்பகல் வரை ஓர் இரவு' என்ற கணக்கு உடையும். அவர்களைத் தனியாகக் கையாளுங்கள்.

ஆய்வுக் கருவி விலை அதிகம், ஐம்பது வாங்க முடியாது என்பார்கள். ஐம்பது எதற்கு? இருபது போதும். ஏழு நாள் அணிதல், மூன்று நாள் திரும்பப் பெறுதல், பதிவிறக்கம், சார்ஜ் என்று ஒரு சுற்று பத்து நாள். பத்துச் சுற்றில், அதாவது நூறு நாளில் 200 பேரை அளந்துவிடலாம். துறை வாங்கினால் அடுத்த ஐந்து மாணவர்களுக்கும் அதுவே உதவும். திரையில்லாத கருவி என்பதில் இன்னொரு நன்மையும் உண்டு: எண்ணைப் பார்க்காததால் அணிந்தவர் 'இன்னும் 800 அடிதான்' என்று மாடி ஏறி இறங்கமாட்டார். நடையைக் கூட்டுவதே ஆய்வின் நோக்கமென்றால் கடைப் பேண்ட் நல்ல ஊக்கி, தாராளமாகக் கொடுங்கள். ஆனால் கூடியதா என்பதை வேறு கருவியால் அளந்து பாருங்கள்.

நெறிமுறைக் குழுக்கள் இதில் கொஞ்சம் கறாராக இருக்க வேண்டும். ஆப்போடு இணையும் பேண்டில் தரவு முதலில் போவது நிறுவனத்தின் சர்வருக்கு. ஒருவர் எப்போது தூங்கினார், எப்போது எழுந்தார் என்பது அவருடைய தனிப்பட்ட வாழ்க்கை. பங்கேற்பாளரின் சொந்த மின்னஞ்சலில் கணக்குத் திறக்க வைக்கும் திட்டத்தைத் திருப்பி அனுப்புங்கள். கருவியின் பெயர், கட்டிய இடமும் கையும், பதிவு வேகம், மென்பொருளின் பதிப்பு எண், கழற்றியதைக் கண்ட விதி, எத்தனை மணி நேரம் இருந்தால் ஒரு நாள் செல்லும், எத்தனை பேர் எந்தக் காரணத்தால் விலக்கப்பட்டனர் என்ற விவரங்கள் இல்லாத ஆய்வேட்டையும் அப்படியே திருப்பி அனுப்பலாம்.