கூத்துக்கு மண் தரையே சரி
கடலூர்ப் பக்கத் தெருக்கூத்தை மண்டப மேடைக்கு மாற்றலாம் என்கிறது ஒரு கட்டுரை. தயவுசெய்து வேண்டாம். தண்ணீர் தெளித்துக் கெட்டித்த மண் தரைதான் சரி. பலகை மேடையில் காலடி தடதடவென்று எழுந்து சலங்கையை அமுக்கிவிடும், மைக்கும் அதையே வாங்கும்.

காலர் மைக் மாட்டாதீர்கள். ஆடுபவர் அணியும் மார்ப்பதக்கம், புஜக்கட்டை (தோளில் கட்டும் அணி) எல்லாம் மரம் (நல்ல செட்டு என்றால் கல்யாண முருங்கை, எடை குறைவு). சுழன்று ஆடும்போது உரசிக் கரகரக்கும். கிரீடம் இடிக்காத உயரத்தில் இரண்டு மைக் தொங்கவிட்டால் போதும்.

நள்ளிரவுக்கு மேல் ஈரக்காற்றில் மிருதங்கத் தோல் தளர்ந்து சுருதி இறங்கும், ஆர்மோனியம் இறங்காது. பின்பாட்டுக்காரரும் வாத்தியக்காரரும் உட்காரும் பெஞ்சுக்கு, காற்று வரும் பக்கம் ஒரு கீற்றுத் தட்டி கட்டுங்கள். விடியற்காலைப் பாட்டில் வித்தியாசம் காதிலேயே தெரியும்.