வடக்கு மேலே இல்லீங்க!

(புதுச்சேரி. ஜூலை மாத சாயங்காலம், மணி நாலரை. ஒரு தொடக்கப்பள்ளி வாசல். ஏழுமலை ஆட்டோவோடு நிற்கிறார். மலர்விழி டீச்சர் ஒரு கையில் சுருட்டிய சார்ட், மறு கையில் எவர்சில்வர் டம்ளரோடு வருகிறார்.)

ஏழுமலை: வாங்க டீச்சர். டம்ளர் எதுக்கு? டீ சொல்லட்டா?

மலர்விழி: இது பாடம்ணே. நாலாங்கிளாசுக்கு வரைபடம் படிக்கச் சொல்லித் தரணும்.

ஏழுமலை: அதுக்கு டம்ளரா? இந்தியா மேப்பைச் சுவத்துல மாட்டி, குச்சியால "மேலே காஷ்மீர், கீழே கன்னியாகுமரி"ன்னா முடிஞ்சுது.

மலர்விழி: அங்கதான் கெடுது. சுவத்துல மாட்டுனா வடக்குன்னா மேலேன்னு பதிஞ்சுடும். வடக்கு எங்கடான்னு கேட்டா ஃபேனைக் காட்டுவாங்க. ஆறெல்லாம் தெற்கே பார்த்துத்தான் ஓடும்பாங்க, மேலேருந்து கீழே.

ஏழுமலை: கரெக்டுதானே? தண்ணி பள்ளத்துக்குத்தானே ஓடும்.

மலர்விழி: அப்ப தென்பெண்ணை கிழக்கே ஓடிவந்து கடலூர்கிட்ட கடல்ல சேருதே? நர்மதை மேற்கே போகுதே?

ஏழுமலை: (யோசித்து) ஆணி கோணலா அடிச்சிருப்பாங்க டீச்சர். மேப்பு சாஞ்சிருக்கும்.

மலர்விழி: மேப்பைக் கழட்டித் தரையில போடணும்ணே. வடக்கு எந்தப் பக்கமோ அந்தப் பக்கமா திருப்பி வைக்கணும். அதுக்கும் முன்னாடி இந்த டம்ளர். இதை வரைங்கன்னா பிள்ளைங்க என்ன வரைவாங்க?

ஏழுமலை: டம்ளரைத்தான்.

மலர்விழி: பக்கவாட்டுல பார்த்து வரைவாங்க. வரைபடம்னா காக்கா மேலேருந்து பார்க்கிறது. டம்ளரைக் காகிதத்துல வச்சு, சுத்திப் பென்சிலால இழுத்து, எடுத்துடணும். என்ன இருக்கும்?

ஏழுமலை: வட்டம்.

மலர்விழி: அதே மாதிரி டிபன் பாக்ஸ், அழிரப்பர், தீப்பெட்டி. ஒரு பீரியடு முழுக்க இதுதான். இதை விட்டுட்டு நேரா வகுப்பறையை வரையச் சொன்னா, பெஞ்சுக்கு நாலு காலும் படுத்துக் கிடக்கும்.

ஏழுமலை: வகுப்பறையை எப்படி நோட்டுக்குள்ள அடக்குவீங்க?

மலர்விழி: அறை நீளம் 8 மீட்டர், அகலம் 6 மீட்டர்னு வைங்க. கட்டம் போட்ட நோட்டுல ஒரு கட்டத்துக்கு அரை மீட்டர். நீளத்துக்கு 16 கட்டம், அகலத்துக்கு 12. பக்கத்துல அடங்கிடும்.

ஏழுமலை: டேப்பு வச்சு அளக்கணுமா?

மலர்விழி: டேப்பு ஒரு தடவைக்குத்தான். வராண்டாவுல 10 மீட்டர் அளந்து ரெண்டு கோடு போட்டுடணும். ஒவ்வொரு பிள்ளையும் மூணு தடவை நடந்து எண்ணணும். 20 காலடி வந்தா ஒரு காலடிக்கு அரை மீட்டர். அப்புறம் ஒரு காலடிக்கு ஒரு கட்டம்.

ஏழுமலை: பிரமாதம். எல்லாருக்கும் 20 வருமா?

மலர்விழி: எங்க வருது? பின்னாடி ஆள் பார்த்தாலே தாண்டித் தாண்டிப் போவாங்க. 13 காலடியில முடிச்சுட்டு "நான்தான் ஃபர்ஸ்ட்"னு நிப்பாங்க. கடைக்குப் போற மாதிரி நடடான்னு சொல்லணும். அதுக்குத்தான் மூணு தடவை. இன்னொண்ணு, சுவரையெல்லாம் அளவா வரைஞ்சுட்டு, டீச்சர் மேசையை மட்டும் பாதி ரூமுக்குப் போடுவாங்க.

ஏழுமலை: மரியாதை டீச்சர்.

மலர்விழி: மரியாதைக்கு அளவை கிடையாதுண்ணே. சரி, வடக்கு எந்தப் பக்கம்? சொல்லுங்க.

ஏழுமலை: (போனை எடுத்து) எனக்கு முன்னாடி. நான் எங்க திரும்பினாலும் மேப்பு எனக்கு நேராதான் இருக்கு.

மலர்விழி: அது நீங்க போற திசையை மேலே வைக்கிற மேப்பு. ஓரத்துல இருக்கிற காம்பஸ் படத்தை ஒரு தட்டு தட்டுங்க. வடக்கு மேலே வந்து நிக்கும்.

ஏழுமலை: அட, ஆமா! ஆனா எனக்கு போனே வேணாம் டீச்சர். கடல் இருக்கிற பக்கம் கிழக்கு. கடலைப் பார்த்து நின்னா இடது கை சென்னை, வலது கை கடலூர், முதுகு விழுப்புரம்.

மலர்விழி: நல்ல கணக்கு, நானே சொல்லிக் கொடுக்கிறதுதான். ஆனா மாஹேயும் நம்ம புதுச்சேரிதானே? அங்க கடல் மேற்கே.

ஏழுமலை: அவ்ளோ தூரம் சவாரி வராது டீச்சர்.

மலர்விழி: "இடது கைன்னா வடக்கு"ன்னு மட்டும் பிள்ளைங்க பிடிச்சுக்குவாங்க. அவங்களை அப்படியே திருப்பி நிக்க வச்சுக் கேட்டாலும் இடது கையைத்தான் தூக்குவாங்க. அதனால வகுப்புல நாலு சுவத்துலயும் திசை எழுதி ஒட்டிடணும். ஆள் திரும்பினாலும் சுவர் திரும்பாது.

ஏழுமலை: மத்தியானம் நிழல் வடக்கே விழும், அதை வச்சுப் பாருங்கன்னு நான் படிச்சிருக்கேன்.

மலர்விழி: டிசம்பர்ல சரி. இந்த ஜூலையில குச்சி நட்டுப் பாருங்க, நிழல் தெற்கே விழும்.

ஏழுமலை: சூரியனும் வழி மாறுதா?

மலர்விழி: நம்ம ஊர் 12 டிகிரி அட்சரேகைகிட்ட இருக்கு. ஏப்ரல் கடைசி வாரத்துலேருந்து ஆகஸ்ட் மூணாவது வாரம் வரைக்கும் உச்சி வேளையில சூரியன் நமக்கு வடக்கே நிக்கும். ஜூலை 20 வாக்குல 1 மீட்டர் குச்சிக்கு 15 சென்டிமீட்டர்தான் நிழல், ஒரு சாண்கூட வராது. அந்த உச்சியும் பன்னண்டு மணிக்கு இல்ல, பன்னண்டே காலுக்கு மேல.

ஏழுமலை: அப்ப நிழலே வேணாம்ங்கிறீங்க.

மலர்விழி: வேணும். காலையில 10 மணிக்கு நிழல் நுனியில கல்லு வைங்க. குச்சியை நடுவா வச்சு, கயிறு கட்டி, அந்த நீளத்துக்கு வட்டம் போடுங்க. மத்தியானத்துக்கு மேல நிழல் நுனி மறுபடி வட்டத்தைத் தொடும்போது ரெண்டாவது கல்லு. முதல் கல்லு மேற்கு, ரெண்டாவது கிழக்கு. எந்த மாசமானாலும் சரியா வரும். குச்சி மட்டும் சாயக்கூடாது.

ஏழுமலை: பந்து விளையாடுற பசங்க கல்லை எடுத்துட்டா?

மலர்விழி: (பெருமூச்சு) அதுக்குத்தான் காம்பஸ்.

(பையிலிருந்து எடுக்கிறார். ஏழுமலை வாங்கி ஆட்டோவின் ஸ்பீக்கர் மேல் வைக்கிறார். முள் சுழன்று கடல் பக்கம் நிற்கிறது.)

ஏழுமலை: வடக்கு கடலுக்குள்ள போயிடுச்சு டீச்சர்!

மலர்விழி: ஸ்பீக்கர்ல காந்தம் இருக்குண்ணே. இரும்பு பெஞ்சு, காந்த மூடி வச்ச போன் கவர், எது பக்கத்துல இருந்தாலும் இப்படித்தான். ரெண்டு மூணு மீட்டர் தள்ளி வந்து, மட்டமாப் பிடிங்க.

ஏழுமலை: இப்ப நின்னுடுச்சு. ஆனா கடற்கரைச் சாலை போற திசைக்கும் முள்ளுக்கும் ஒட்டலையே?

மலர்விழி: முள்ளு சரி. சாலைதான் லேசா வடகிழக்குப் பக்கமா சாஞ்சு போகுது, கரையும் அப்படித்தான். சரி, கடைசி வேலை: பள்ளியிலேருந்து வீட்டுக்கு வழிப்படம். அதுல நாலஞ்சு அடையாளம் போடணும்.

ஏழுமலை: அது நம்ம தொழில். பழைய தியேட்டர் இருந்த இடத்துல லெஃப்ட்டு...

மலர்விழி: இருந்த இடம்னா இப்ப இல்லதானே? நீங்களாவது பரவாயில்ல. பிள்ளைங்க படுத்திருக்கிற மாடு, இளநி வண்டி எல்லாத்தையும் போடுவாங்க. நாளைக்கு வேற குழு அந்தப் படத்தை வச்சு நடக்கும், அப்ப மாடு எழுந்து போயிருக்கும். கோயில், தண்ணித்தொட்டி, வாய்க்கால் பாலம், இப்படி நகராததைத்தான் போடணும். திரும்பி வரும்போது இன்னொரு கூத்து. வரிசையைத் தலைகீழாக்கிடுவாங்க, இடது வலதை மாத்த மறந்துடுவாங்க.

ஏழுமலை: எனக்கே அந்தக் குழப்பம் உண்டு. சரி, உட்காருங்க. முத்தியால்பேட்டை மணிக்கூண்டுதானே?

மலர்விழி: ஆமா. இந்தாங்க, ஒரு பிள்ளை வரைஞ்ச படம். இதைப் பார்த்தே ஓட்டுங்களேன். படமும் தெருவும் முதல்ல ஒண்ணா பொருந்தணும், ஞாபகம் இருக்கா?

ஏழுமலை: இதென்ன பெரிய விஷயம்.

(வண்டியை எடுத்து நடுத்தெருவில் வட்டமடிக்கிறார். ஒரு சுற்று. இரண்டு சுற்று. பின்னால் ஹாரன் சத்தம்.)

மலர்விழி: அண்ணே! ஏன் சுத்துறீங்க?

ஏழுமலை: படத்துல வடக்கு மேலே இருக்கு டீச்சர். அதுக்கு ஏத்த மாதிரி ஆட்டோவைத் திருப்பிக்கிட்டு இருக்கேன்!