ஐந்து நிமிடம் கேட்டிருக்கலாம்

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் நடந்ததைப் பற்றி எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் வீடியோ எல்லோருடைய போனுக்கும் வந்துவிட்டது, அதன் கீழே சிரிப்புப் படங்களும் குவிந்துவிட்டன. யோடல் பாடும் அந்தச் சுவிஸ் குடும்பத்தை நம்முடைய தமிழ் விழாவுக்குக் கூப்பிட்டவன் நான். அதனால் எழுதுகிறேன்.

தாத்தா, அவருடைய மகன், மகள், இரண்டு பேரன்கள். அப்பென்செல் மலைப்பக்கத்திலிருந்து சந்தூர் போன்ற ஹாக்பிரெட்டையும் வயலின்களையும் காரில் ஏற்றிக்கொண்டு, ஒரு பிராங்கும் வேண்டாம் என்று சொல்லி வந்தவர்கள். இரண்டாவது பாட்டு முடிவதற்குள் மைக்கை வாங்கி, "நன்றி, இனி எங்கள் இசைக்கு வருவோம்" என்று அறிவித்தாயிற்று. ரோல்ஸ் வாங்க வரிசையில் நின்றவர்கள் அப்போதுதான் கை தட்டினார்கள். பாட்டுக்காகத் தட்டிய கை இல்லை அது. அங்கே நின்ற எனக்குத் தெரியும்.

ஐந்து நிமிடம் வாயை மூடிக்கொண்டு கேட்டிருக்கலாம். வேறு எதையும் நான் கேட்கவில்லை.

அவர்கள் பாடியது சொய்யர்லி. அந்த மலைக்கே உரிய யோடல், வார்த்தையே இல்லாதது. ஒருவர் தொடங்குவார், இன்னொருவர் மேலே சேருவார், மற்றவர்கள் அடியில் சுரத்தைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்பார்கள். நெஞ்சுக்குரலிலிருந்து தலைக்குரலுக்குத் தாவும்போது குரல் உடையும் அல்லவா, மற்றப் பாடகர்கள் அந்த இடத்தை மறைக்கப் பாடுபடுவார்கள். யோடலில் அந்த உடைவுதான் பாட்டு. சில சுரங்கள் பியானோவின் இரண்டு கட்டைகளுக்கு நடுவில் விழும். அதைத்தான் ஒரு தம்பி "சுதியே சேரவில்லை" என்று எழுதியிருக்கிறார். தம்பி, அந்தச் சுரம் அங்கேதான் இருக்க வேண்டும். அந்த மலைகளின் நீண்ட மரக்கொம்பான அல்ப்ஹார்னை ஊதினாலும் அங்கேதான் விழும்.

இன்னொருவர் "உண்டியல் குலுக்குகிறார்கள்" என்று எழுதியிருக்கிறார். உண்டியல் இல்லை அது. மண்சட்டிக்குள் ஐந்து பிராங் காசைச் செங்குத்தாக விட்டு, மணிக்கட்டால் சட்டியைச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். காசு விழாமல் சட்டியின் உட்சுவரில் ஓடும். மூன்று அளவில் மூன்று சட்டிகள், மூன்று சுரம். அதுதான் அவர்களுடைய தம்பூரா. மேடைக்கு அருகில் இருந்தும் அந்த ரீங்காரம் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை, அவ்வளவு சத்தமாகக் கதைத்துக்கொண்டிருந்தோம். சின்னப் பேரன் சட்டியைக் காதோடு ஒட்டவைத்துக்கொண்டு சுழற்றினான். பார்த்தவர்கள் எத்தனை பேர்?

"வார்த்தை இல்லாததை எப்படி ரசிப்பது?" என்கிறீர்கள். நாதஸ்வரத்தில் எந்த வார்த்தை இருக்கிறது? திருவிழா இரவில் தவில் கச்சேரியை விடிய விடிய இருந்து கேட்டவர்கள் நாம். சந்திரபாபு தமிழ்ப் படத்தில் குரலை இப்படி உடைத்துப் பாடியபோது கொண்டாடினோம், கிஷோர் குமார் பாடியபோதும் கொண்டாடினோம். அந்த வித்தை பிறந்த மலையிலிருந்து ஒரு பெரியவர் வந்து பாடினால் மட்டும் ஆடு மாடு கத்துவது போல இருக்கிறதாம்.

"நேரம் போய்விட்டது" என்பதை ஏற்றுக்கொள்கிறேன். அரை மணி நேரம் பிந்தித்தான் தொடங்கினோம். ஆனால் பேச்சாளர் யாருடைய மைக்கையும் யாரும் வாங்கவில்லையே.

"அவர்கள் நம்முடைய இசையைக் கேட்கிறார்களா?" என்று கேட்பவர்களுக்கு என்ன சொல்வது? நம் கோயில் தேருக்கு அந்தக் குடும்பம் வந்திருக்கிறது. செருப்பைக் கழற்றிவிட்டு வெயிலில் நின்றார்கள்.

1992 ஜனவரி 13. நான் இந்த நாட்டுக்கு வந்து நான்கு மாதம். அதே மலைப்பக்கத்து ஊரான ஊர்னேஷுக்குப் பக்கத்தில் அகதிகளைத் தங்கவைத்திருந்த வீட்டில் இருந்தேன். விடியற்காலை இருட்டில், பனிக்குள் மணிச்சத்தம். கதவைத் திறந்தால் முகமூடி போட்ட ஆட்கள் வரிசையாக நிற்கிறார்கள். ஊரில் ஆமிக்கு ஆட்களைக் காட்டிக்கொடுக்கும் தலையாட்டிக்கு முன்னால் நின்றுவிட்டு வந்தவன் நான். முகத்தை மூடிய ஒருவன் தலையை அசைத்தால் என்ன நடக்கும் என்று தெரிந்தவன். கால் நடுங்கியது. அவர்கள் வட்டமாக நின்றார்கள், மணிகள் ஓய்ந்தன, இதே சொய்யர்லியைப் பாடத் தொடங்கினார்கள். மெதுவாக, மிக மெதுவாக. பழைய நாட்காட்டிப்படி அன்று அவர்களுக்குப் புத்தாண்டுக்கு முந்திய நாளாம், எனக்கு அப்போது எதுவும் தெரியாது. பாடி முடித்து ஒவ்வொருவராகக் கை கொடுத்தார்கள். வீட்டுப் பொறுப்பாளர் கொடுத்த வைனை முகமூடியைக் கழற்றாமல் குழாய் வைத்து உறிஞ்சிக் குடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்கள். அதற்குப் பிறகுதான் இந்த நாட்டில் நான் ஒழுங்காகத் தூங்கினேன்.

ஊர்னேஷில் ஆல்டர் குடும்பத்தின் இசைக்குழு 1884 முதல் தலைமுறை தலைமுறையாக வாசிக்கிறது. 1884! 2025 டிசம்பரில் டெல்லியில் நடந்த யுனெஸ்கோ கூட்டத்தில் சுவிஸ் யோடலை தொட்டுணர முடியாத பண்பாட்டு மரபுகளின் உலகப் பட்டியலில் சேர்த்தார்கள். அதே கூட்டத்தில் தீபாவளியும் சேர்ந்தது. தீபாவளிச் செய்தியை எல்லோரும் பகிர்ந்தீர்கள், நானும் பகிர்ந்தேன்.

மூன்றாவது பாட்டுக்கு என்னுடைய இளைய மகள் அவர்களோடு நிற்க வேண்டியிருந்தது. நான்கு மாதம் சனிக்கிழமைகளில் அந்த வீட்டுக்குப் போய், அடியில் சுரம் பிடித்து நிற்கப் பழகியவள். மேடைப் படிக்குப் பக்கத்தில் பட்டுப்பாவாடையோடு நின்றுகொண்டிருந்தாள். நம்முடைய பிள்ளைகள் சிரித்ததையும், பெரியவர்கள் சேர்ந்து சிரித்ததையும் அங்கே நின்றுதான் பார்த்தாள். காரில் ஏறியதும், "அப்பா, எங்கட ஆட்கள் ஏன் இப்படி?" என்று கேட்டாள். "சின்ன விஷயத்தைப் பெரிதாக்காதே" என்று எனக்குச் செய்தி அனுப்பிய அண்ணைமார் இதற்கு ஒரு பதிலை எழுதி அனுப்புங்கள், அவளிடம் வாசித்துக் காட்டுகிறேன்.

திங்கட்கிழமை மன்னிப்புக் கேட்கப் போன் எடுத்தேன். தாத்தாதான் பேசினார். மண்டபத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. "பிள்ளை சனிக்கிழமை வருவாள்தானே?" என்று மட்டும் கேட்டார்.

அந்த வீடியோவை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். அவருடைய பேரன்களிடமும் போன் இருக்கிறது.