டச்பேட் தூக்கினா ஸ்க்ரூவ விடுங்க, பேட்டரிய பாருங்க

மேல ஒருத்தர் "டச்பேட் தூக்கிட்டு நிக்குதா, ஸ்க்ரூ லூஸ், டைட் பண்ணுங்க, பேட்டரி உப்பியிருந்தா ஊசியால குத்தி காத்த எறக்கிடுங்க"ன்னு போட்டிருக்காரு, தயவுசெஞ்சு யாரும் அத செய்யாதீங்க. பழைய லேப்டாப்ல டச்பேட் கிளிக் ஆகாம தூக்கிட்டு வந்தா பெரும்பாலும் அடியில இருக்கிற லித்தியம் பேட்டரி உப்பினதுதான், உள்ள இருக்கிற எலக்ட்ரோலைட்ங்கிற ரசாயன திரவம் சிதைஞ்சு கேஸ் சேருது, அதுவும் தீப்பிடிக்கிற கேஸ், ஸ்க்ரூவ இறுக்கினா பேட்டரி இன்னும் நசுங்கும், குத்தினா உள்ளயே ஷார்ட் ஆகி நெருப்பு வந்துடும். உடனே ஆஃப் பண்ணி சார்ஜர கழட்டுங்க, சர்வீஸ்ல குடுத்து பேட்டரிய எடுத்துடுங்க. நிறைய மாடல் பேட்டரி இல்லாம அடாப்டர்லயே ஓடும், சிலது ஸ்பீட கொறச்சுக்கும், அவ்ளோதான். எடுத்த பேட்டரிய குப்பைல போடாம இ-வேஸ்ட் வாங்குற இடத்துல குடுங்க, குப்பை லாரில நசுங்கினா அங்கயும் தீப்பிடிக்கும்.